அடுத்தது இன்னும் மெல்லிசு

மே மாதத்தில் லேப்டாப் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஜூன் தொடக்கத்தில் தைப்பேயில் கம்ப்யூட்டர் கண்காட்சி. எல்லாக் கம்பெனியும் புதுசை இறக்குவது அங்கேதான். கொஞ்ச நாள் பொறுக்க முடியாமல் பணத்தைக் கொட்டியவன், வீட்டுக்குப் போய்த் திரைமேல் ஒட்டிய தாளை உரிப்பதற்குள் அவன் கையிலிருப்பது பழசாகிவிடும். இதை ஊருக்குச் சொல்வதுதான் என் வேலை, மேடம். வரப்போகிற லேப்டாப்புகளை ஒன்றுக்கு ஒன்று பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம் என்று எழுதுவது.

நீங்கள் கேட்டது என் முதலாளி லியாவ் அண்ணனைப் பற்றி. தெரியும். அந்த வீடியோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் "ஏன்" என்று கேட்டீர்கள். அதற்கு லேப்டாப்பிலிருந்துதான் வர வேண்டும்.

என் பெயர் பெய்-யுன். சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் ஆபீசில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். 'சிப்பி' என்று கேட்க வேண்டும். எங்கள் ஊர் தோங்ஷியில் என் அப்பா கடலில் சிப்பி வளர்க்கிறவர். அம்மா கரையில் உட்கார்ந்து ஓடு உடைத்துச் சதை எடுக்கிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நேர்காணலில் லியாவ் அண்ணன் என் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை.

"அப்பா என்ன பண்றாரு?"

"சிப்பி, சார்."

"அப்ப எடை போடத் தெரியும். திங்கக்கிழமை வந்துரு, சிப்பி."

அறையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை கிடைத்தவள் வேறு என்ன செய்வாள்? உங்களைப் போலவே உங்கள் அப்பாவும் அரசு வழக்கறிஞர் என்று வெளியே பேசிக்கொண்டார்கள், மேடம். அது உங்கள் தப்பில்லை. உங்களை யாரும் உங்கள் அப்பாவின் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அவருடைய இணையப் பத்திரிகைக்கு 'இறகு' என்று பெயர். ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள லேப்டாப்புகள் மட்டும்தான் அதில் வரும். கடைக்கு வராத மாதிரிகள் முன்கூட்டியே எங்களிடம் வந்துவிடும், கம்பெனி முத்திரைமேல் கறுப்பு டேப் ஒட்டி. அவற்றின் பெயரை லிஃப்டில்கூட வாய்தவறிச் சொல்லக் கூடாது. அதனால் காலைப் பலகாரத்தின் பெயரை வைத்துவிடுவோம். முட்டை அடை, சோயாப்பால், முள்ளங்கி அப்பம். சோதனை மேசையில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை நிறச் சோளப்பொரிப் பாக்கெட் ஒன்று இருக்கும், மெஷின் சொன்னபடி கேட்பதற்கு. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. படித்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். ஆனால் அந்தப் பாக்கெட் இல்லாமல் பேட்டரி சோதனையைத் தொடங்க யாருக்கும் தைரியம் வராது.

எடை போட்டது நான். சூடு பார்த்தது நான். எழுதியதும் நான். மேலே பெயர் மட்டும் லியாவ் குவோ-தோங். முதல் வருஷம் முடிந்ததும் அதைப் பற்றிக் கேட்டேன்.

"பொறு சிப்பி. படிக்கிறவனுக்கு என் பேரு பழகிப்போச்சு. அடுத்த வருஷம் உன் பேரப் போட்டுருவோம்."

அடுத்த வருஷமும் பொறு. அதற்கடுத்த வருஷமும். அந்தச் சொல்லால்தான் அவர் ஊரெல்லாம் பிரபலம். எங்கள் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் முடியும்: பொறுங்கள், அடுத்தது இன்னும் மெல்லிசு. அதைப் படித்துவிட்டு எதையுமே வாங்காமல் காத்துக்கொண்டே இருக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. மற்றவர்கள் அவர்களைப் 'பொறுப்போர் கட்சி' என்று கேலி செய்வார்கள். அவர்களுக்கு அவர் தலைவர். ஆனால் அந்தச் சொல்லை அங்கே தட்டியது என் விரல்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவே இல்லை. அம்மாவுக்குக் கையில் ஆபரேஷன் நடந்தபோது தைப்பேயிலிருந்து தோங்ஷிவரை தானே காரோட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அம்மாவிடமும் "சிப்பி நல்லா வேலை பாக்குறா" என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு ஒரே பெருமை.

வியாதி முதலில் விசைப்பலகையில் தெரிந்தது. ஒரு மாதிரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கீயெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, இத ஏத்துக்க முடியாது" என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்களிடம் விசையை அழுத்தி அளக்கிற கருவி இருக்கிறது. வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லா லேப்டாப் மாதிரியும்தான் இருந்தது. இரண்டாம் முறை அவர் தட்டும்போது விசையைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்தேன். சுட்டுவிரல் கீழே போகச் சங்கடப்பட்டது. கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிப்போயிருந்தது. சதையைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியும்.

'விசைகள் கடினம்' என்றுதான் எழுதினேன். அவர் சொன்னதைத்தானே எழுத வேண்டும்.

டாக்டர்கள் கண்டுபிடித்தபோது அடுத்த கோடை வந்துவிட்டது. உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கும். கண்ணும் அசையும்.

அண்ணி ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் பெயர் சூ-ஹுவா, ஈப்போவில் பிறந்து இங்கே படிக்க வந்து இவரைக் கட்டிக்கொண்டவர். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் லேப்டாப் வாங்கச் சொல்றாரு சிப்பி. கட்டிலுக்கு மேல கம்பில மாட்டணுமாம், லேசா இருக்கணுமாம். கண்ணு எங்க பாக்குதுன்னு புடிச்சு அதுவே பேசுமாம். குரல் போறதுக்குள்ள இவரு பேசுறத அதுல பதிஞ்சு வச்சா, இவரு குரல்லயே பேசுமாம். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீயே பாத்துச் சொல்லு."

"நான் பாத்துக்கிறேன் அண்ணி."

பார்த்தேன். அந்த மாதிரி ஒப்பீட்டை நான் எந்தக் கட்டுரைக்கும் செய்ததில்லை. முட்டை அடை இருந்ததிலேயே லேசு, ஆனால் பேட்டரி சாயங்காலத்துக்குள் படுத்துவிடும். முள்ளங்கி அப்பம் நாளெல்லாம் தாங்கும், ஆனால் கம்பி அந்தக் கனத்தைத் தாங்காமல் மெல்லத் தழையும், படுத்திருப்பவர் மூக்கில் வந்து உட்காரும். சோயாப்பால் நடுவில். சத்தமில்லை, சூடில்லை, கம்பியில் நின்றது. கேமரா மட்டும் மங்கலான வெளிச்சத்தில் கொஞ்சம் தடுமாறியது. ஒரு மேசை விளக்கை வைத்தால் தீர்ந்துவிடும்.

சோயாப்பால் போதும். எனக்கு அன்றைக்கே தெரியும். கடைக்கும் அந்த வாரமே வந்துவிட்டது.

அண்ணியிடம் கேமராவைப் பற்றிச் சொன்னேன். மேசை விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. "இலையுதிர்காலத்துல இதுலயே புது மாடல் வருது. கேமராவும் மைக்கும் மாத்துறாங்க. குரலப் பதியறதுன்னா அதுல பதிஞ்சாத்தான் அவரு குரல் மாதிரியே இருக்கும். பொறுத்தா நல்லது."

பொய் ஒரு சொல்கூட இல்லை, மேடம். இலையுதிர்காலத்தில் வந்தது. மைக் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதற்குள் அவருக்கு நாக்கு தடித்து, பேச்சு குழைந்துவிட்டது. குழைந்த பேச்சைப் பதிந்து என்ன செய்வது? அதனால் குரல் பதிகிற பேச்சே எழவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு பழைய கண்-கருவியை இரவலாகக் கொடுத்தனுப்பினார். கனமாக இருந்தது, ஆனால் வேலை செய்தது. நான்தான் திருப்பி அனுப்பினேன். "இது நெஞ்சுமேல விழுந்தா என்ன ஆகும்னு யோசிங்க அண்ணி" என்றேன். அண்ணி யோசித்தார். பயந்துவிட்டார். பயப்படுகிறவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாகத்தான் பலகை. கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தகடு, அதில் எழுத்துகள். அவர் ஒரு எழுத்தைப் பார்ப்பார். தகட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் கண்ணை நேருக்கு நேர் சந்திக்கிறவர் அது எந்த எழுத்தென்று படிக்க வேண்டும். நானே வெட்டி, நானே ஒட்டினேன். ஆங்கில எழுத்தில் போட்டிருக்கலாம். அண்ணி படித்தது அப்படி, ஈப்போ பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் சீனம் கற்றுத்தருவார்கள். நான் எங்கள் ஊர் ஒலிக்குறிகளைப் போட்டேன். இங்கே பிறந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் படிப்பது. அண்ணிக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள வந்த யாத்தி இந்தோனேசியாக்காரி, அவளுக்கும் தெரியாது.

"இதென்ன கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்று அண்ணி சிரித்தார். "நான் கத்துக்கிறட்டுமா?"

"அண்ணனுக்குப் பழகினது இதுதான். உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? நான்தான் தினமும் வர்றேனே."

வந்தேன். ஆபீஸ் முடிந்ததும் நேரே அங்கேதான். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் என்னைக் கும்பிடாத குறை. ஒரு வருஷத்துக்குமேல் அவருடைய பேச்சு என் வாய் வழியாகத்தான் வந்தது. தலையணையை உயர்த்து, கொசு, ரொம்ப சூடு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வா. இவற்றையெல்லாம் உள்ளது உள்ளபடி படித்தேன். யாரையும் வதைக்கிற குணம் எனக்கு இல்லை.

மறு வருஷக் கண்காட்சி ஜூனில் முடிந்ததும் புது மாதிரிகளின் படங்களை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டி, எடை, சூடு, கேமரா எல்லாம் சொன்னேன். அண்ணி பலகையை எடுத்துத் தந்தார்.

"நீங்களே சொல்லுங்க, எத வாங்கறது?"

அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. ஏதாவது ஒன்று. இன்றே வாங்கு.

"என்ன சொல்றாரு?" என்றார் அண்ணி.

"பொறு."

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். "பாரு யாத்தி, கண்ணு மட்டும்தான் மிச்சம், அதுலயும் பொறுன்னுதான் சொல்லுது இந்த மனுஷன்! கல்யாணத்துக்கும் இப்படித்தான் பொறு பொறுன்னு இழுத்தாரு!"

அவர் என்னைப் பார்த்தார். நான் தகட்டில் படிந்திருந்த கைரேகையைத் துடைத்தேன்.

அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் நான் எதையும் மாற்றிப் படித்ததில்லை. அன்றைக்கும் மாற்ற வேண்டும் என்று போகவில்லை. அவர் ஒவ்வொரு வருஷமும் எனக்குச் சொன்ன பதிலை அவருக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான். சுலபமாக இருந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அது அவர் சொல்லக்கூடிய சொல்தான்.

அடுத்த மாதம் அவர் பலகையில் 'இறகு' பற்றிப் பேசினார். தன் தம்பியிடம் ஒப்படைக்கச் சொன்னார். சிப்பி உதவியாக இருப்பாள் என்றார். நான் படித்தது, "சிப்பிகிட்ட குடுத்துரு, அவ பேரையே போடு" என்று. அண்ணி மறு நாளே கையெழுத்துப் போட்டார். என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். என் பெயர் முதல் தடவையாக ஒரு கட்டுரைக்கு மேலே வந்தது. அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் பெயரின் வடிவம் தெரியும்.

அந்த நாட்களில் யாத்தி ஒரு தடவை சமையலறையில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க படிச்சு முடிச்சதும்தான் ஐயா அழுறாரு. மத்த நேரத்துல அழுறதே இல்ல."

"பேச முடிஞ்ச சந்தோஷம் யாத்தி."

அவள் அரிசியைக் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் கிளம்பும்போது என் செருப்பை எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிறவள்தான்.

செப்டம்பரில் பெர்லினில் ஒரு கண்காட்சி. அங்கே வந்தவற்றில் ஒன்று அருமையாக இருந்தது. ஆனால் ஜனவரியில் புதுப் பிராசசர் சில்லு வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணியிடம் விவரமாகச் சொன்னேன். இப்போது அண்ணிக்கே பாதி பாஷை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "ஜனவரி வரைக்கும் பொறுக்கறதுதான் புத்திசாலித்தனம், இப்ப வாங்குறவன் ஏமாளி" என்று அவரே சொல்வதைக் கேட்டேன். கட்டிலில் இருப்பவருக்கும் கேட்டிருக்கும். காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் குளிர். அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு எட்டவில்லை. மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தில் முகமூடி வைத்துக் காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இளம் வயது, நேராகப் பேசினார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டால் மெஷின் மூச்சு விடும், வருஷக்கணக்கில் இருக்கலாம். போடாவிட்டால் இன்றோ நாளையோ. இதை முன்னாலேயே தீர்மானித்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அவரிடம் கேட்டபோதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். அது அவரே செய்தது. அதில் என் கை இல்லை.

டாக்டர் குனிந்து அவரிடமே கேட்டார். "குழாய் போடலாமா சார்?"

அவர் கண்ணை மேலே உயர்த்தினார். மறுபடி உயர்த்தினார்.

"ஆமான்னு சொல்றாரா?" என்றார் டாக்டர்.

"இந்த வியாதியில கண்ணு தானா மேல ஓடும் டாக்டர்" என்றேன். "ஒரு அசைவ நம்ப முடியாது. பலகையில கேட்டாத்தான் சரியா வரும்."

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அன்றைக்கு அவர் நாள் இல்லை. டாக்டர் கட்டிலின் காலடியில் நின்றார், அவருக்குத் தெரிந்தது என் முதுகு. அண்ணி எனக்குப் பின்னால் நின்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் 'பேசுவதை' அடிக்கடி எடுத்துவைப்பார், மகளுக்குக் காட்ட. பிறகு அதைப் பார்த்த பயிற்சியாளர் அவர் கண்ணைத் தொடர்ந்து எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னீர்கள். கெட்டிக்காரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆகவே அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். குழாய் போடு. வாழணும். அவ்வளவு நீளமாக அவர் பல வாரமாகப் பேசியதில்லை.

"பொறுன்னு சொல்றாரு" என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். "பொறுக்க நேரமில்லம்மா. இன்னொரு தடவ கேளுங்க. வேணுமா, வேண்டாமா, ரெண்டுல ஒண்ணு."

மறுபடி தகட்டைப் பிடித்தேன். இந்தத் தடவை அவர் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியைப் பற்றியோ மகளைப் பற்றியோ சொல்லவில்லை. நிதானமாக, ஒவ்வொரு குறியாக, நடுவில் களைத்து நின்று, மறுபடி தொடங்கி, ஒரே ஒரு சொல் முடித்தார். பிறகு கண்ணை என் கண்ணிலேயே வைத்துக்கொண்டார்.

"என்ன, என்ன?" என்றார் அண்ணி.

"பெய்-யுன்" என்று படித்தேன்.

அண்ணிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. "யாரு அது?" என்றார். பிறகு, "ஐயோ, நீதானே! உன்னத்தான் சொல்றாரு. உன்கிட்ட விட்டுட்டாரு. நீ சொல்லு, அவரு மனசு உனக்குத்தான் தெரியும்."

டாக்டரும் என்னைப் பார்த்தார். நான், "வேண்டாம்னுதான் அவர் நெனப்பு" என்றேன். அண்ணி கையெழுத்துப் போட்டார். மறு நாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

செய்தது நான்தான், மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பொறு என்றும் வேண்டாம் என்றும் சொன்னது என் வாய், அவர் கண் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என் பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான், எனக்கு நன்றி சொல்லத்தான் சொன்னார், அதை மட்டும் நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல் எல்லாருக்கும் கேட்கப் படித்தேன்.